நேம் பிளேட்டை நம்பியவன்

என் பேத்தி செய்த ஒரு பொருளை நான் அழித்தேன். தெரியாமல் அழித்துவிட்டதாக இத்தனை காலம் சொல்லிவந்தேன். அது பொய். "ஒரே ஒரு ஃபோல்டர் தாத்தா, அத மட்டும் எடுத்துக்கறன்" என்று அவள் அழுதுகொண்டு கேட்டது என் காதில் நன்றாக விழுந்தது. விழுந்த பிறகுதான் கம்ப்யூட்டர் கடைக்காரனிடம் "எல்லாத்தையும் அழிச்சிடு" என்றேன்.

காலையில் என்னோடு ஏரிக்கரையில் நடக்கும் உங்களுக்கு இந்தக் கதை வேறு மாதிரி தெரியும். "பேரன் கொண்டாந்த கேம் மிஷின எம் பேத்தி ஒரே லீவுல செங்கல்லாக்கிட்டா" என்று நான்தான் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். "பொட்டப்புள்ள கையில மிஷின குடுத்தா அப்படித்தான்" என்று உங்களில் ஒருவர் சொன்னார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மீதே ஆத்திரம் பொங்குகிறது. நடந்தது என்ன என்று உங்களிடமும் சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நம் வயதில் எல்லோரும் சொந்தக் குழந்தைப் பருவத்தைப் பற்றி எழுதுகிறோம். என்னுடையதிலும் ஒரு சின்னத் துண்டு பின்னால் வரும். ஆனால் நான் சொல்ல வந்தது ஒரு பதினாலு வயதுப் பெண்ணின் கோடை விடுமுறையை.

அவள் என் மகளின் மகள். மகளைக் கட்டிக்கொடுத்தது கரியாலூரில். மருமகன் அருவிக்குப் போகும் சாலையில் மளிகையும் டீயுமாகச் சின்னக் கடை வைத்திருக்கிறார். பள்ளிக்கூடம் மூடியதும் பேத்தி மலையிலிருந்து இறங்கி, கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். சென்னையிலிருந்து மகனின் மகனும் வருவான். அவன் அவளைவிட ஒரு வயது சின்னவன். இரண்டு பேரும் ஏர் கூலரின் ஈர வைக்கோல் வாசனைக்கு நேராகப் பாய் போட்டுக்கொண்டு, நாள் முழுக்கச் சண்டையும் சிரிப்புமாகக் கிடப்பார்கள்.

அந்த வருடம் பேரன் கையில் ஒரு கேம் கருவி இருந்தது. மூக்குக்கண்ணாடிக் கூடு போல மடியும். திறந்தால் மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. மூடும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே அவன் சும்மா சும்மா திறந்து மூடுவான். என் மகன் அலுவலக நண்பரிடம் பழையதாக வாங்கிக் கொடுத்தது. அதோடு வந்த ஆட்டங்கள் இரண்டோ மூன்றோதான். இரண்டாம் நாளே அலுத்துவிட்டன. ஆனால் அந்தக் கருவியின் மெமரி கார்டில் சில கோப்புகளைச் சரியான இடத்தில் போட்டால், வீட்டில் உட்கார்ந்து யாரோ செய்த ஆட்டங்களும் அதில் ஓடும் என்று பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். 'மோட் பண்றது' என்றார்கள். பேரனுக்கு அப்படி ஊர் உலகத்தில் ஆர்வலர்கள் செய்து இலவசமாகக் கொடுத்த ஆட்டங்கள் வேண்டும், கூடவே அவனுடைய கார்ட்டூன் படங்களும் வேண்டும். பேத்திக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவளே ஒரு ஆட்டம் செய்துகொண்டிருந்தாள். அது அந்தத் திரையில் ஓட வேண்டும்.

எங்கள் முன்னறையில் என் பழைய கம்ப்யூட்டர் இருந்தது. என் மனைவி தைத்த பூப்போட்ட துணியுறை போட்டு மூடியிருப்போம். அதில்தான் செய்தாள். ஆட்டம் என்னவென்றால், கரியாலூர் போகும் பஸ்ஸை மலையேற்ற வேண்டும். வளைவு வரும். ஆடு குறுக்கே வரும். மேலிருந்து பலாப்பழம் உருண்டு வரும். பிரேக்கைத் தாமதமாக அழுத்தினால் உள்ளேயிருந்து ஒரு பயணி "யோவ், பாத்துப் போய்யா!" என்று கத்துவார். அந்தப் பயணி என் பேரன். எஞ்சின் சத்தம் அவளேதான், வாயால். எதிரொலி வேண்டும் என்று குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பதிவு செய்தாள்.

"இன்னாடி, உள்ள உறுமிக்கினு கீற?" என்று என் மனைவி கதவைத் தட்டினாள்.

"பஸ்ஸு ஏறிக்கினு கீது ஆயா, தட்டாத! மறுபடி முதல்லேர்ந்து ஏத்தணும்."

கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிறம் போட்டு பஸ்ஸையும் சாலையையும் வரைவாள். பிறகு அதைப் பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டரில் புள்ளி வைப்பாள். தோசை தட்டிலேயே காய்ந்து போகும்.

கருவியோடு வந்த கார்டில் இடம் போதவில்லை. "பெரிய கார்டு ஒண்ணு வேணும் தாத்தா" என்றார்கள். நானும் மனைவியும் திருநாவலூர் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டில் பலகை போட்டு சார்ஜர், ஹெட்போன் விற்றுக்கொண்டிருந்த ஒருவனிடம் வாங்கினேன். அறுபத்துநாலு ஜிபி என்று பளபளவென அச்சடித்திருந்தது. கடை விலையில் பாதிகூட இல்லை. வீட்டுக்கு வந்து அதை எல்லோருக்கும் காட்டினேன். சென்னைக்குப் போன் போட்டு மகனிடமும் சொன்னேன். "நீங்கல்லாம் ஏசி கடையில ஏமாறுவீங்க. நான் பாத்து வாங்கறவன்" என்றேன். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் இதுதான் வேர்.

நான் மின்சாரத் துறையில் எஞ்சினியராக இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். கல்வராயன் மலையில் பல வருடம் லைன் பார்த்தவன். லைனில் எங்கோ கோளாறு என்றால், கம்பம் கம்பமாக ஏறிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம். நடுவில் சுவிட்சைப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் கரண்ட் விடுவோம். அது நின்றால் கோளாறு மறு பாதியில். இரண்டு பாதியும் தனித்தனியே நன்றாக நின்று, சேர்க்கும்போது மட்டும் விழுந்தால், லைனில் கோளாறே இல்லை. தாங்குகிற அளவுக்கு மேல் சுமை ஏற்றுகிறோம் என்று அர்த்தம்.

இதை வைத்து நான் ஒரு கதை சொல்வேன். வீட்டில் சாப்பாட்டு நேரமெல்லாம் அதே கதைதான். கரியாலூர் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வெளியே ஒரு பட்டறைக்கு ரிப்பேருக்குப் போய்த் திரும்பி வந்தது. பொழுது சாய்ந்து எல்லா வீட்டிலும் விளக்குப் போட்டதும் ஃப்யூஸ் போய்விடும். லைன்மேன்தான் ஏதோ சரியாகச் செய்யவில்லை என்று அவருக்கு மெமோ கொடுக்க இருந்தார்கள். நான் போய்ப் பாதி பாதியாகப் பிரித்துப் பார்த்தேன். தனித்தனியே நின்றது. சேர்த்தால் விழுந்தது. பெரிய டிரான்ஸ்ஃபார்மரின் அளவு பொறித்த நேம் பிளேட் தகட்டைச் சின்ன டிரான்ஸ்ஃபார்மரின் மேல் அடித்து அனுப்பியிருந்தான் பட்டறைக்காரன். "நேம் பிளேட்ட நம்பாதே, சுமைய போட்டுப் பாரு" என்று சொல்லி முடிப்பேன். மெமோவிலிருந்து ஒரு மனிதரைக் காப்பாற்றிய பெருமையும் கூடவே வரும். பேத்திக்கு அந்தக் கதை மனப்பாடம். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தால், கடைசி வரியை எனக்கு முன்னால் அவள் சொல்லிவிடுவாள்.

புதுக் கார்டில் பேத்தி முதலில் தன்னுடைய பஸ்ஸை ஏற்றினாள். ஓடியது. இரண்டு பேரும் குதித்ததில் கூலர் மேலிருந்த சொம்பு விழுந்தது. அதன் பிறகு பேரனுடைய ஆட்டங்கள், படங்கள் எல்லாவற்றையும் ஏற்றினார்கள். அப்போது வந்தது தகராறு. சில ஆட்டங்கள் திறக்கவில்லை. படங்கள் நடுவில் உறைந்தன. கோப்பு சிதைந்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும், கருவி அப்படியே நின்றுவிடும்.

அவள் விடவில்லை. கேபிளை மாற்றிப் பார்த்தாள். கார்டின் மஞ்சள் பல்லைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்தாள். கோப்பின் பெயர்கள் நீளமாக இருப்பதால் இருக்குமோ என்று சுருக்கினாள். கார்டை முழுக்க அழித்து மறுபடி முதலிலிருந்து ஏற்றினாள். ஒவ்வொரு முறையும் தன் பஸ்ஸைத்தான் முதலில் ஏற்றுவாள். அது எப்போதும் ஓடும். ஒரு மத்தியானம் என்னிடம் வந்தாள்.

"தாத்தா, ஃபைலோட அளவு கம்ப்யூட்டர்லயும் கார்டுலயும் ஒண்ணாத்தான் கீது. ஆனா தொறந்தா குப்பையா கீது. எப்படி?"

"ஒழுங்கா காப்பி பண்ணியிருக்க மாட்ட" என்றேன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

கடைசியாக ஒருமுறை ஏற்றியபோது, கருவி விழிப்பதற்குத் தேவையான கோப்பே கெட்டுப்போயிருக்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் நீல விளக்கு ஒரு கணம் எரியும், உடனே அணையும். திரை வரவேயில்லை. கருவியோடு வந்த சின்னக் கார்டைப் போட்டுப் பார்க்கலாம் என்றால், அது அதற்குள் எங்கோ தொலைந்திருந்தது.

மறுநாள் காலை மகனும் மருமகளும் காரில் வந்து இறங்கினார்கள். பேத்தியை அழைத்துப் போக மகளும் மலையிலிருந்து ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். எல்லோரும் கூடத்தில் இருந்தோம்.

மகன் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இன்னாப்பா இது, செத்துக் கெடக்குது?"

"நான் அப்பவே சொன்னேன், யாராவது வாங்கி நோண்டிடுவாங்கன்னு" என்றாள் மருமகள், யாரையும் பார்க்காமல்.

பேத்தி எழுந்து வந்தாள். பயமே இல்லை. கணக்கின் விடை கிடைத்துவிட்ட பிள்ளையின் முகம்.

"அது சாவல மாமா. கார்டுதான் சரியில்ல. பாதி ஃபைல் போட்டா ஓடுது. அத எடுத்துட்டு மீதி பாதிய போட்டாலும் ஓடுது. ரெண்டையும் சேத்துப் போட்டாத்தான் எர்ரர் வருது. தாத்தா சொல்வாரே கரியாலூர் டிரான்ஸ்ஃபார்மர், அதே மாதிரி. மேல அறுபத்துநாலுன்னு போட்டுகிறான், உள்ள அவ்ளோ இல்ல. வேற நல்ல கார்டு போட்டா எழுந்துக்கும்."

பிறகு என் பக்கம் திரும்பி, நான் பாராட்டுவேன் என்று நம்பி, சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நேம் பிளேட்ட நம்பாதே, சுமைய போட்டுப் பாரு. இல்ல தாத்தா?"

மகன் உதட்டோரம் சிரித்தான். "இன்னாப்பா, பாத்து வாங்கறவரு நீங்க! பஸ் ஸ்டாண்ட்ல உங்களையே கவுத்துட்டானா?"

அங்கே நிறுத்துகிறேன். அவள் 'பாதி பாதி' என்று சொன்ன அந்தக் கணமே எனக்குப் புரிந்துவிட்டது. அரைகுறையாக அல்ல, முழுவதுமே புரிந்தது. முப்பது வருடம் செய்த வேலை அது. வேறு எந்த மனிதர் வந்து அப்படிச் சொல்லியிருந்தாலும் முதுகில் தட்டியிருப்பேன். என் மகனுடைய அந்தச் சின்னச் சிரிப்புக்கு நான் கொடுத்த விலை என் பேத்தி.

"கார்டு நான் வாங்கனது. அதுல ஒரு கோளாறும் இல்ல" என்றேன். "முப்பது வருஷம் மிஷினோட பொழச்சவனுக்கு நீ பாடம் எடுக்காத. மலையில மாடு மேய்க்கற ஊர்ல பொறந்துட்டு ஒனக்கு கம்ப்யூட்டர் கேக்குதா? எதத் தொட்டாலும் ஒடைக்கற கை!"

"அப்பா, இன்னா பேச்சு பேசறீங்க?" என்றாள் மகள்.

"ஒம் பொண்ணு பண்ண வேலைய பாரு. அடுத்தவன் பொருள நாசம் பண்ணிட்டு, பழிய பெரியவங்க மேல போடறா."

பேரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவன் அம்மா அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

நான் அதோடும் விடவில்லை. மெயின் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவனுக்குப் போன் செய்தேன். அவன் எதையும் பார்க்காமலே "வைரஸ் ஏறிகினு இருக்கும் சார், ஃபார்மேட் அடிச்சிட்டா சரியாப் பூடும்" என்றான். என்ன ஒரு தொழில்! நோயாளியைப் பார்க்காமலே மருந்து. அதைவிடக் கேவலம், எனக்கும் அந்த மருந்து தேவைப்பட்டது. கம்ப்யூட்டரில் வைரஸ் என்றால் என் கார்டு தப்பிக்கும். மத்தியானமே வரச் சொன்னேன்.

வந்தான். துணியுறையை மடித்து நாற்காலியில் போட்டான். பேத்தி ஓடி வந்து அவன் பக்கத்தில் நின்றாள். அப்போதுதான் கேட்டாள், அந்த ஒரே ஒரு ஃபோல்டரை.

அவன்கூடத் தயங்கினான். "சார், பாப்பா ஏதோ கேக்குது. ரெண்டு நிமிஷ வேல."

"எல்லாத்தையும் அழிச்சிடு."

திரையில் ஒரு நீலக் கோடு இடமிருந்து வலமாக நிறைந்தது. அது முடியும்வரை அவள் நின்று பார்த்தாள். அழுகை பாதியிலேயே நின்றுவிட்டிருந்தது. மகள் துணிமணியைப் பையில் திணித்துக்கொண்டு, மூன்று மணி வண்டிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். நான் வாசலுக்குப் போகவில்லை. பலாப்பழம் கூடத்து மூலையில் யாரும் தொடாமல் பழுத்து, வீடு முழுவதும் வாசனை அடித்து, பிறகு அழுகியது. கிராஃப் தாள்களைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டேன். அந்தக் கார்டை மட்டும் எடுத்து பீரோவில் பூட்டினேன். அவள் குற்றத்துக்குச் சாட்சி என்று சொல்லிக்கொண்டேன். சாட்சியாம்! வேறு யாரும் சோதித்துப் பார்த்துவிடக் கூடாது என்ற பயம், வேறென்ன?

நான் அப்படி வளர்க்கப்பட்டவனும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மணலூர்பேட்டையில் என் அப்பாவுக்குக் கொஞ்சம் கரும்பு நிலம். தண்ணீர் பாய்ச்சப் போகும்போது கையில் பிடித்துக்கொள்ள ஒரு நீளமான டார்ச் லைட் இருந்தது. வீட்டிலேயே விலை உயர்ந்த பொருள் அதுதான். ஒருநாள் அவர் இல்லாதபோது நான் அதைக் கழற்றி, பல்பைப் பார்த்து, திரும்ப மாட்டிவைத்தேன். சாயங்காலம் அவர் பொத்தானைத் தள்ளினார். எரியவில்லை. நான் சுவரோரம் ஒண்டி நின்றேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவர் கை முதலில் என் மேல் விழவில்லை. டார்ச்சின் பின்மூடியைத் திருகித் திறந்து, பேட்டரிகளை உள்ளங்கையில் கொட்டினார். ஒன்று பச்சை பூத்துக் கசிந்திருந்தது. "நீ இல்லடா. இது" என்றார். அவ்வளவுதான். அவர் ஐந்தாவது வரை படித்தவர். அவர் மகன் நான், படித்துப் பட்டம் வாங்கி, லைனுக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் நியாயம் பார்த்தவன், சொந்தப் பேத்திக்குப் பார்க்கவில்லை.

பத்தாவது முடித்ததும் அவள் கம்ப்யூட்டர் குரூப் கேட்டாள். என் மகள் போன் செய்தாள். கோபம் இருந்தும் கேட்டாள், ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் எஞ்சினியர் நான் ஒருவன்தான். "வேணாம். காமர்ஸ்ல போடு. அவளுக்கு அந்தப் பொறுமை கெடையாது" என்றேன். போனை வைத்துவிட்டுக் காப்பி குடித்தேன். ருசி நன்றாக இருந்தது என்றுகூட நினைவிருக்கிறது. அந்தப் பெண் கம்ப்யூட்டர் படித்து ஒருநாள் பெரிய ஆளாக வந்து நின்றால், நான் என்ன ஆவேன்? அதுதான் என் பயம்.

இப்போது அவள் கள்ளக்குறிச்சியிலேயே ஒரு நகைக்கடையில் பில் போடுகிறாள். தங்குவது பெண்கள் விடுதியில். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். இரண்டு அறை காலியாகக் கிடக்கிற தாத்தா வீடு இருக்க, ஒரு அறையில் நான்கு பேரோடு படுத்துக்கொள்கிறாள். ஊர் கேட்டால், "கடைக்குப் பக்கம்னு அங்க தங்கிக்கினா" என்று நானும் என் மனைவியும் பதில் சொல்லிவந்தோம்.

போன வருடம் மணலூர்பேட்டையில் ஒரு கல்யாணம். என் போனில் இடமில்லை என்று வந்ததால், பீரோவில் கிடந்த அந்தக் கார்டை எடுத்துப் போனில் போட்டுப் படம் பிடித்தேன். மனிதனின் மனம் எவ்வளவு சாமர்த்தியமானது பாருங்கள்: நான் சொன்ன பொய்யை அதற்குள் நானே நம்பத் தொடங்கியிருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு படமும் திறக்கவில்லை. எல்லாம் சாம்பல் நிறக் கட்டங்கள். போன் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் கம்ப்யூட்டரில் செருகி, ஏதோ ஒரு சோதனையை ஓடவிட்டுச் சிரித்தார். "ஐயா, இது எட்டு ஜிபி கார்டு. மேல அச்சு மட்டுந்தான் அறுபத்துநாலு. எட்டு ரொம்பனதுக்கு அப்புறம் நீங்க எத போட்டாலும் வாங்கிக்கற மாதிரி காட்டும். உள்ள ஒண்ணும் நிக்காது."

"முதல்ல போட்டது?"

"அது பத்திரமா இருக்கும்."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கார்டைத் திறந்தேன். முதல் வரிசையிலேயே இருந்தது ஒரு ஃபோல்டர். 'கரியாலூர் வண்டி'. நான் அழிக்கச் சொன்னதை என் போலிக் கார்டு பத்திரமாக வைத்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மலைக்கு பஸ் ஏறினேன். கோமுகி அணையைத் தாண்டி வண்டி ஏறத் தொடங்கியதும், வளைவுக்கு வளைவு அவள் வரைந்த கட்டங்கள்தான் கண்ணில் தெரிந்தன. வார லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தவள், கடையில் அப்பாவுக்கு உதவியாக நின்றிருந்தாள். சுற்றுலா வந்த கூட்டம் மிளகும் தேனும் கேட்டுக்கொண்டிருந்தது. கூட்டம் குறையும்வரை காத்திருந்து, மூட்டைகளின் ஓரமாகக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு அப்போதே தெரியும் என்பதையும் சொன்னேன்.

அவள் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"சரி தாத்தா."

"மன்னிச்சுடும்மா."

"எங்கிட்ட எதுக்கு தனியா வந்து சொல்றீங்க?" குரல் உயரவில்லை. "நான் ஒடைக்கலன்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கு எல்லார் முன்னாடியும்தான திட்டனீங்க? மாமா இருந்தாரு, அத்த இருந்தாங்க, எங்கம்மா இருந்தாங்க. அந்தக் கம்ப்யூட்டர் கடைக்காரர்கூட இருந்தாரு. ஊரெல்லாம் சொன்னீங்க. இன்னிக்கு மூட்ட மறைவுல வந்து காதுல சொல்றீங்க."

"விடும்மா, பெரியவரு" என்றார் மருமகன். "மாமா, டீ சாப்புடுங்க."

"நீ சும்மா இருப்பா" என்றாள் அவள்.

அவள் சொன்னது நியாயம். அதனால் ஒவ்வொருவராகப் போனேன். கம்ப்யூட்டர் கடைக்காரன் இப்போது சிசிடிவி மாட்டுகிறான். "அதெல்லாம் யாரு சார் ஞாபகம் வச்சிக்கினு இருக்கறது?" என்றான். நான் வைத்திருக்கிறேன், அவள் வைத்திருக்கிறாள் என்றேன். மாட்டுப்பொங்கலன்று மகன் குடும்பத்தையும் மகள் குடும்பத்தையும் வீட்டுக்கு அழைத்தேன். அதே கூடத்தில், அதே ஆட்கள் முன்னால் எழுந்து நின்று சொன்னேன். கார்டு போலி. அவள் சொன்னது சரி. எனக்கு அப்போதே தெரியும். வேண்டுமென்றேதான் அழித்தேன். குரூப்பையும் நான்தான் கெடுத்தேன்.

மகன் சிரித்தான். "அதையா இன்னும் நெனச்சிக்கினு கீறீங்க? பழைய கேம் மிஷினுப்பா அது."

"சிரிக்காதே" என்றேன். "அன்னிக்கும் இப்படித்தான் சிரிச்ச."

என் பேரன் இப்போது என்னைவிட உயரம். "எனக்கும் அப்பவே தெரியும் தாத்தா" என்றான். "அவ எங்கிட்ட ரெண்டு பாதியும் தனித்தனியா ஓட்டிக் காட்டனா. சொல்ல வந்தேன். யாரும் கேக்கல." பையிலிருந்து அந்தக் கருவியை எடுத்தான். பரணில் கிடந்ததாம். புதிதாக நல்ல கார்டு ஒன்றும் வாங்கி வந்திருந்தான்.

பேத்தி கொஞ்ச நேரம் அதைத் தொடவில்லை. பிறகு என் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, விழிப்பதற்கான கோப்புகளை நல்ல கார்டில் ஏற்றி, பழைய கார்டிலிருந்து தன் ஃபோல்டரையும் அதில் போட்டாள். பொத்தானை அழுத்தினாள். நீல விளக்கு எரிந்தது; எரிந்தபடியே இருந்தது. திரை வந்தது. அவள் அன்று சொன்ன மாதிரியே எழுந்துகொண்டது.

பஸ் கிளம்பியது. குளியலறை எதிரொலியோடு ஒரு பதினாலு வயதுக் குரல் உறுமியது. ஆடு வந்தது. பலாப்பழம் உருண்டது. "யோவ், பாத்துப் போய்யா!" என்று ஒரு சின்னப் பையன் கத்தினான்; என் பேரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இடப்பக்கம் நீலக் கட்டங்களாக அணை தெரிகிற வளைவு வந்தது. அதைத் திரும்பியதும் சாலை இல்லை. வெறும் வெள்ளைக் கட்டங்கள். பஸ் அங்கேயே நின்றது.

"அய்யோ, இதுவும் கெட்டுப்போச்சா?" என்றேன். "கார்டு கோளாறா?"

"கார்டு நல்லாத்தான் கீது" என்றாள். "ரோடு அவ்ளோதான் போட்டிருந்தேன். அன்னிக்குத்தான நீங்க ஃபார்மேட் அடிச்சீங்க."

நின்ற பஸ்ஸின் எஞ்சின் மட்டும் அவள் வாயால் உறுமிக்கொண்டே இருந்தது.

"மீதி ரோட்ட இப்ப போடேன்" என்றான் பேரன், மெதுவாக.

"எனக்கு அதெல்லாம் மறந்துபோச்சு" என்றாள். கருவியை மூடினாள். 'டிக்' என்ற அந்தச் சத்தம். அதை அவனிடம் கொடுத்துவிட்டு, மேஜையில் கிடந்த பழைய போலிக் கார்டை எடுத்துத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

"அது எதுக்கும்மா, உதவாது" என்றேன்.

"இது என்னோடது" என்றாள்.

சாயங்காலம் அவள் செருப்பை மாட்டும்போது என் மனைவி, "ராத்திரி இங்கியே தங்கேன் கண்ணு. ரூமு காலியாத்தான கீது" என்றாள்.

"இல்ல ஆயா. ஹாஸ்டல் கேட்ட பூட்டிடுவாங்க."

இந்தமுறை நான் வாசலுக்குப் போனேன். அவள் தெருமுனை திரும்பும்வரை நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.